யாரும் கழுவாத டப்பா

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கழுவுகிற வேலைக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. ‘இந்தாம்மா’ என்றால் போதும், யாராவது ஒருத்தி திரும்பிப் பார்ப்பாள். ஆரோக்கியமேரியும் ஏழு வருஷம் ‘இந்தாம்மா’வாகத்தான் இருந்தாள். அவளுடைய முழுப் பெயரை அந்தக் கம்பெனி முதன்முதலாக ஒரு காகிதத்தில் டைப் அடித்தது 2008 நவம்பரில். அதுவும் அவள் தலையில் ஒரு பழியைக் கட்டுவதற்காக. நல்ல காரியத்துக்கு ஒருநாளும் ஞாபகம் வராத பெயர், பழி போடும்போது மட்டும் இனிஷியலோடு எப்படித்தான் ஞாபகம் வருகிறதோ!

அவள் பெத்திக்குப்பத்துக்காரி. அப்பனும் ஆத்தாளும் ஊரான் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவளும் பன்னிரண்டு வயதில் சேற்றில் இறங்கியவள்தான். பிறகு நிலங்களைச் சுற்றிக் காம்பவுண்டுச் சுவர் எழும்பியது, சுவருக்குள் புகைபோக்கி எழும்பியது. இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை பார்த்த எபினேசருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு பெயின்ட் கம்பெனியில் இரண்டு வருஷம் டப்பா துடைத்தாள். மூச்சிரைப்பு வந்ததும் அவர்களே அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் தேசப்பன் என்கிற லேபர் கான்ட்ராக்டர் அவளை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்.

இது மருந்துக் கம்பெனி அல்ல. மருந்து கண்டுபிடிக்கிறவர்களுக்குச் சாமான் செய்து கொடுக்கும் கம்பெனி. முயலுக்கு ஊசி போட்டு, கொஞ்ச நாள் கழித்து அதன் காது நரம்பில் ரத்தம் எடுத்து, அந்த ரத்தத்திலிருந்து ஆன்டிபாடி என்று ஒன்றைப் பிரித்து, சுண்டுவிரல் அளவுக் குப்பிகளில் ஊற்றி வெளிநாட்டு ஆராய்ச்சிக் கூடங்களுக்கு அனுப்புவார்கள். அந்தக் குப்பியில் இருப்பது எதற்கு என்று மேரிக்குச் சொன்னவள் உமைரா. பழவேற்காட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண், எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒன்றரை வருஷமாக அங்கே சோதனை வேலை பார்த்தாள்.

“நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சேதி சொல்ற ஆளுங்க இருக்காங்க மேரிக்கா. டைரோசின் கைனேஸ்னு அதுல ஒரு கூட்டம். ‘வளரு’ன்னு வெளியேந்து சேதி வந்தா, இது உள்ள போய் அடுத்த ஆளத் தட்டி எழுப்பும். சில கேன்சர்ல இது நிறுத்தாம தட்டிக்கினே இருக்கும். அது எந்த செல்லுல எவ்ளோ இருக்குன்னு பாக்கணும் இல்லையா? சூலூர்பேட்டை ரயில்ல அவ்ளோ கூட்டத்துலயும் நம்ம ஊர்க்காரர மட்டும் சட்டையப் புடிச்சு நிறுத்தற மாதிரி, இந்த ஆன்டிபாடி அத மட்டும் போய்ப் புடிச்சுக்கும்.”

“அப்போ முயலு ரத்தம் போலீஸ் வேலை பாக்குதுன்னு சொல்லு” என்றாள் மேரி. உமைரா சிரித்து, “அப்படியே வெச்சுக்கோங்க” என்றாள்.

ஒவ்வொரு தொகுதிச் சரக்கும் வெளியே போகுமுன் அது வேலை செய்கிறதா என்று சோதிப்பார்கள். செல்லிலிருந்து எடுத்த புரதத்தைத் தாள் போன்ற ஒரு சவ்வில் ஏற்றி, சின்ன பிளாஸ்டிக் தட்டில் வைத்து, ஆன்டிபாடி கலந்த திரவத்தில் ஊறப் போடுவார்கள். முதல் ஆன்டிபாடி போய் அந்தக் கைனேஸைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தேடிக்கொண்டு இரண்டாவது ஒன்று போகும். இரண்டாவதின் முதுகில் ஒரு நொதி ஒட்டியிருக்கும். அந்த நொதிதான் ஒளி விடும். அதன்மேல் எக்ஸ்ரே ஃபிலிமை வைத்தால் ஒளி பட்ட இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும். கோடு விழுந்தால் சரக்கு நல்ல சரக்கு. ஒவ்வொரு ஊறலுக்கும் நடுவே கழுவல் உண்டு, எல்லாம் முடிந்ததும் தட்டுகள் மேரியின் தொட்டிக்கு வரும்.

அவள் கழுவுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சோப்பு ஒரு தடவை, குழாய்த் தண்ணீர் ஏழு தடவை, வடிகட்டிய தண்ணீர் மூன்று தடவை. கடைசித் தண்ணீரைத் தட்டிலேயே குலுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஒரு பொட்டு நுரை தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் அவளைப் பாராட்டவும் இல்லை. காய்ந்த ஃபிலிம்களில் ஓட்டை போட்டுத் தேதி வாரியாக ஃபைலில் கோர்ப்பதும் அவள் தலையில் விழுந்த உபரி வேலை. எட்டாவது வரை படித்தவள், தேதி பார்க்கத் தெரியாதா?

அந்த வருஷ மழைக்காலத்தில் மின்வெட்டு ஊரையே ஆட்டி வைத்தது. கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று கரண்டு ஆபீஸ்காரனுக்கே தெரியாது. கம்பெனியில் ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் டீசலை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று ஆய்வுக்கூடத்துத் தலைவர் துளசிராமன் அதைப் பெரிய உறைபெட்டிகளுக்கு மட்டும் கொடுக்கச் சொல்லிவிட்டார். சென்னையிலிருந்து தினம் காரில் வந்து போகிறவர், டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர் சொன்னால் சொன்னதுதான். குளிர் அலமாரி சூடானது. உள்ளே இருந்த திரவங்களில் நூல் நூலாகப் பூசணம் மிதந்தது.

துளசிராமன் அதற்கும் ஒரு வழி சொன்னார். பூசணம் பிடித்த கேன்களை எல்லாம் மேரியை விட்டுக் கழுவச் சொன்னார். புதுத் திரவம் கலக்கியதும் மண்டையோடு படம் போட்ட ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து உமைராவிடம் கொடுத்தார். அதில் வெள்ளைப் பொடி இருந்தது. சோடியம் அசைடு.

“எல்லாக் கேனுக்கும் போட்டுடும்மா. தாராளமாவே போடு. ஒரு பூச்சி, ஒரு பூசணம் கிட்ட வரக் கூடாது” என்றார். மேரியிடம் திரும்பி, “இந்தாம்மா, இது விஷம். நீ தொட்டுத் தொலைக்காதே” என்றார்.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருமுறை கரைத்த ஆன்டிபாடியைக் கீழே ஊற்ற மனசு வராது, பத்துப் பன்னிரண்டு தடவை திரும்பத் திரும்ப உபயோகிப்பார்கள். அது கெடாமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை அசைடு போடுவது உண்டு. முதல் ஆன்டிபாடியோடு அது நின்றவரை தொந்தரவு இல்லை. இப்போது எல்லாக் கேனிலும் போட்டாயிற்று. கழுவுகிற திரவத்திலும் போட்டாயிற்று, இரண்டாவது ஆன்டிபாடியைக் கரைக்கிற திரவத்திலும் போட்டாயிற்று.

அடுத்த சோதனையில் கோடு விழவில்லை. ஃபிலிம் வெறும் கண்ணாடி மாதிரி வந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. மூன்றாவதும் வெறுமையாக வந்ததும் துளசிராமனுக்கு வேர்த்தது. அந்தக் கைனேஸ் ஆன்டிபாடிக்காக வெளிநாட்டில் ஒரு ஆய்வுக்கூடம் இரண்டு மாதமாகக் காத்திருந்தது. தினம் மின்னஞ்சல் வந்தது. மேலிடத்திலிருந்து ஃபோன் வந்தது. காரணம் கேட்டார்கள்.

படித்தவர் என்ன செய்திருக்க வேண்டும்? என்ன மாற்றினோம், எப்போது மாற்றினோம் என்று உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். அவர் அதைச் செய்யவில்லை. கழுவும் அறைக்கு நடந்து வந்து காய வைத்திருந்த ஒரு தட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“சோப்பு நாத்தம் அடிக்குது” என்றார். சத்தமாகத்தான் சொன்னார். முயல் அறைக்காரர்கள், பேக்கிங்காரர்கள், ஆபீஸ்காரர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். “சோப்பு ஒட்டிக்கினு இருந்தா எப்படிக் கோடு வரும்? படிப்பறிவு இல்லாதவங்க கையில குடுத்தா இதான் கதி.”

“சார், அது சோப்பு வாசனை இல்ல சார், பிளாஸ்டிக்கு வாசனை. தண்ணி ஊத்திக் குலுக்கிக் காட்டறேன், நொரை வந்தா நீங்க இன்னா வேணா சொல்லுங்க” என்று மேரி தட்டை வாங்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. தட்டைத் தொட்டியில் வீசிவிட்டுப் போனார். உமைரா அங்கேதான் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேரிக்கு அந்த நிமிஷம் துளசிராமன் மேல் வந்த கோபத்தை விட அந்தப் பெண் மேல் வந்த கோபம் பெரிது.

சாயங்காலம் ஷிஃப்ட் முடியும்போது ஒரு காகிதத்தை நீட்டினார்கள். இங்கிலீஷில் இருந்தது. உமைராதான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. ‘நான் தட்டுகளைச் சரியாகக் கழுவாத அலட்சியத்தால் சோதனைகள் கெட்டுப்போயின. இதற்கு நானே பொறுப்பு.’ கீழே அவள் பெயர், கையெழுத்துப் போடக் கோடு.

“ஏழு தண்ணி ஊத்தறேன் பாப்பா. நீ பாத்துக்கீற” என்றாள் மேரி.

“பாத்திருக்கேன்கா.”

“அப்போ ஏன் வாயத் தொறக்கல?”

உமைராவின் கண் கலங்கியது. “என் வேலையும் போயிடும்கா. எங்க வாப்பா வேலைக்கு அனுப்பினதே பெரிசு.”

மேரி காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடவில்லை.

வீட்டில் எபினேசர் முழுக் கதையையும் கேட்டான். ஆலை வெக்கையில் வெந்து வந்தவன், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, “போட்டுத் தொலையேன் மேரி. ஒரு கையெழுத்து தானே? வேலை நிக்குதா, அத்தப் பாரு. அவங்ககிட்ட இன்னாத்துக்கு பேஜாரு?” என்றான்.

“யோவ், நான் செய்யாத தப்ப செஞ்சேன்னு எழுதிக் குடுத்தா, அப்பறம் சிப்காட்ல எந்தக் கம்பெனிக்காரன் என் கையில ஒரு டம்ளர் குடுப்பான்? என் கைத்தொழிலே கழுவறதுதான்யா. அதுவும் தெரியாதுன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?”

அவள் சொல்வது நியாயம் என்று அவனுக்கும் தெரியும். நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியாது. நம்மில் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறோம்.

மேரிக்கு யோசனை வந்தது மறுநாள் காலையில், பஜாரில். நாஷ்டா வாங்கப் போனவள் பாத்திரக் கடை வாசலில் நின்றாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகும் சின்ன பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாக்கள், மூடியோடு, கவரில் போட்டு ஒட்டியபடி அடுக்கியிருந்தன. அவள் அதில் ஒன்றை வாங்கினாள். கவரைப் பிரிக்கவே இல்லை.

உமைராவிடம் போய் மேஜை மேல் வைத்தாள்.

“இத்த நான் கழுவல. நீ கழுவல. எவளும் கழுவல. சோப்பு இதும்மேல பட்டதே கிடையாது. இன்னிக்கு சோதனைய இதுல போடு. கோடு வந்துச்சுன்னா நானே கையெழுத்துப் போடறேன். வரலைன்னா, என் கையில ஒண்ணியும் தப்பு இல்ல.”

உமைரா டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எளிய யோசனைதான். ஆனால் அதை யோசித்தது ஆய்வுக்கூடத்தில் இருந்த நான்கு பட்டதாரிகளில் ஒருவரும் இல்லை. சாரைக் கேட்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. கவரைப் பிரித்தாள், சவ்வை எடுத்துப் புது டப்பாவில் போட்டாள்.

பிற்பகல் இருட்டறையிலிருந்து ஃபிலிமோடு வெளியே வந்தாள். வெறுமை. ஒரு நிழல்கூட இல்லை.

“வரலக்கா” என்றாள். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

“அப்போ எப்போலேந்து வரலைன்னு பாப்போம், வா.” மேரி ஃபிலிம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். “பாரு. ஆறாந்தேதி கோடு கீது. எட்டாந்தேதி கீது, நல்லாக் கறுப்பா கீது. பன்னெண்டாந்தேதி போச்சு. பத்தாந்தேதி இன்னா நடந்துச்சு? எல்லாக் கேனும் நான் கழுவினேன், முதுகு ஒடிஞ்சு போச்சு, எனக்கு மறக்கல. அன்னிக்கு தானே சாரு அந்த மண்டையோட்டுப் பொடியப் போடச் சொன்னாரு?”

உமைராவின் முகம் வெளுத்துப்போனது. அவள் பையிலிருந்து கல்லூரி நோட்டை எடுத்துப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது, சிவப்பு மையில் கோடு போட்டு: ஒளி விடுகிற அந்த நொதியை அசைடு செயலிழக்கச் செய்துவிடும். ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

பரீட்சைக்குப் படித்தது, பரீட்சையோடு மறந்துபோனது. துளசிராமனோ முன்பு கல்லூரியில் அதே பாடத்தைப் பிள்ளைகளுக்கு நடத்திவிட்டு வந்தவர். ஆன்டிபாடியில் ஒரு பழுதும் இல்லை. அது போய்ப் பிடிக்க வேண்டியதை ஒவ்வொரு தடவையும் சரியாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. பிடித்ததைக் காட்டுகிற விளக்கை இவர்களே அணைத்துவிட்டு, விளக்கு எரியவில்லை என்று தட்டு கழுவியவளைத் திட்டியிருக்கிறார்கள்.

பொடி போடாத புதுத் திரவம் கலக்கினார்கள். மேரி தன் கையால் கழுவிய பழைய தட்டிலேயே உமைரா சோதனையைப் போட்டாள். வேண்டுமென்றேதான் அதில் போட்டாள். மறுநாள் மதியம் கோடு வந்தது, கண்ணுக்கு மை எழுதியது போல் தெளிவாக.

துளசிராமன் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “குட், குட்” என்றார். உமைரா அசைடு விஷயத்தைச் சொன்னாள். இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. அவர், “சரி, கரைசலில் ஒரு திருத்தம் செய்தோம்னு ரிப்போர்ட்ல போட்டுடலாம்” என்றார். அவ்வளவுதான். பூசி மெழுகுவதற்கு அவருக்கு ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

மேரி கதவருகில் நின்றாள். “சார், என்னக் கையெழுத்துப் போடச் சொன்ன லெட்டரு?”

“எந்த லெட்டர்? ஓ, அதுவா. அதான் சரியாயிடுச்சே. போய் வேலையப் பாரும்மா.”

மறுநாள் காலை வாசலில் செக்யூரிட்டி மோசஸ் அவளை உள்ளே விடவில்லை. நல்ல மனுஷன், தலையைச் சொறிந்துகொண்டே கான்ட்ராக்டர் கொடுத்திருந்த ஆட்கள் பட்டியலைக் காட்டினார். ஒன்பதாவது இடத்தில் இருந்த அவள் பெயர் அடிக்கப்பட்டிருந்தது.

“தேசப்பன் ஆபீஸ்லேந்து நேத்து சாயங்காலம் ஃபேக்ஸ் வந்துச்சு மேரி. வேலையில கவனக்குறைவுன்னு போட்டுக்கீறாங்க. நான் இன்னா செய்ய?”

அவள் கையெழுத்துக்குக்கூடத் துளசிராமன் காத்திருக்கவில்லை. அவளைத் திட்டிய அன்றே கான்ட்ராக்டருக்குப் புகார் அனுப்பிவிட்டிருந்தார். பழி அன்றைக்கே கிளம்பிப் போய்விட்டது. பழி பொய் என்று தெரிந்த பிறகு அதைத் திரும்பக் கூப்பிட ஒரு ஃபோன் போட அவருக்குத் தோன்றவில்லை. மறந்துவிட்டார் என்று யாராவது சொல்வார்கள். எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. ஒருத்தியின் பிழைப்பு மறந்துபோகிற சாமானா?

மேரி வீட்டுக்குத் திரும்பவில்லை. கேட்டுக்கு நேர் எதிரில், கார் உள்ளே போகும் வழியில் நின்றாள். ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்று என்னவென்று கேட்டார்கள், கேட்டவர்கள் நகரவில்லை. உமைரா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள், விஷயம் தெரிந்ததும் உள்ளே போகாமல் மேரியின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

ஒன்பது மணிக்குக் கார் வந்தது. ஹாரன் அடித்தது. மேரி நகரவில்லை. துளசிராமன் கண்ணாடியை இறக்கினார்.

“இன்னாம்மா இது? நான் தேசப்பன்கிட்ட பேசறேன், வழிய விடு.”

“பேச வேணாம் சார். எழுதுங்க. என்னப் பத்தி மொதல்ல எழுதினது நீங்க. இப்பவும் நீங்களே எழுதுங்க.”

கூட்டத்தைப் பார்த்தார். காருக்குள்ளேயே லெட்டர் பேடை எடுத்து, மடியில் வைத்து நாலு வரி எழுதி நீட்டினார். மேரி அதை வாங்கி உமைராவிடம் கொடுத்தாள். “தமிழ்ல சொல்லு பாப்பா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு.”

உமைரா படித்தாள். “‘தவறான புரிதலால் ஏற்பட்ட புகாரைத் திரும்பப் பெறுகிறோம்.’”

“யாருக்கு சார் புரியல?” என்றாள் மேரி. “எனக்கா? இந்தப் பாப்பாவுக்கா? பொடி போடச் சொன்னது நீங்க. கெட்டது அதுனால. என் கழுவலுல குறை இல்லைன்னு எழுதுங்க. குறை எங்கன்னும் எழுதுங்க.”

துளசிராமன் முகம் சிவந்தது. பின்னால் இரண்டு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவர் இன்னொரு தாளைக் கிழித்தார். இந்தத் தடவை எழுத நேரம் பிடித்தது. உமைரா அதையும் உரக்கப் படித்தாள். ஆரோக்கியமேரி கழுவிய தட்டுகளில் எந்தக் குறையும் இல்லை என்றும், ஆய்வுக்கூடம் தவறாக அசைடு சேர்த்ததே காரணம் என்றும் இருந்தது. ‘ஆய்வுக்கூடம்’ என்றுதான் எழுதியிருந்தார், ‘நான்’ என்று எழுதவில்லை. உமைரா பேனாவை வாங்கிக் கீழே சாட்சியாகத் தன் கையெழுத்தைப் போட்டாள். யாரும் அவளைப் போடச் சொல்லவில்லை.

மோசஸ் பட்டியலில் அடித்திருந்த பெயருக்குப் பக்கத்தில் மறுபடி ‘ஆரோக்கியமேரி’ என்று எழுதினார்.

மேரி காருக்கு அருகே குனிந்தாள். “சார், நாளைக்கே திரும்பவும் எதுனா கெட்டுப்போவும். அப்போ மொதல்ல உங்க பாட்டிலப் பாருங்க. அப்பறமா என் கையப் பாருங்க.”

கண்ணாடி ஏறியது, கார் உள்ளே போனது. மன்னிப்பு என்ற சொல்லை அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அவளும் உமைராவும் அந்தக் கார் கிளப்பிய தூசிக்குப் பின்னால் நடந்தே உள்ளே போனார்கள்.